தேரியைப் பாலையாக்காதீர்!

(தேரிக்காட்டுச் செலவு முடித்து மீண்டபின் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று உங்கள்முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்து நிற்கின்றேன். குற்றம் பிறருடையதன்று, என்னுடையது.

கடந்த ஆடித் திங்களில் நம் மன்றத்து இளைஞர் பன்னிருவருடன் தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரிக்குச் சென்று வந்தேன். அச் செலவுக்கான அழைப்பிதழை இளைஞர் ஒருவர் எழுதிக் கொணர்ந்தார். ‘தமிழகத்தின் சிவப்புப் பாலைவனம் காண வாரீர்’ என்பது அதன் தலைப்பு. நான் உடனே எழுதுகோலை எடுத்தேன். “தம்பி, வனம் வடசொல்லாயிற்றே, காடு இருக்க வனம் எதற்கு?” என்று கடிந்துகொண்டு, ‘செம்பாலை நிலம் காண வாரீர்’ என்று திருத்தினேன். திருத்திவிட்டுத் தமிழுக்குப் பெருந்தொண்டு புரிந்தவன் போல் நிமிர்ந்து அமர்ந்தேன். வடசொல் ஒன்று வீழ்ந்தது. தனித்தமிழ் வென்றது என்பது என் எண்ணம்.

வென்றது தமிழன்று; என் செருக்கே என்பதை அத் தேரியின் அடிவாரத்தில், பள்ளிக்கூடத்து வாயிலையும் மிதித்தறியாத ஒரு பனையேறியார் எனக்குக் கற்பித்தார். அக் கதையைத்தான் இன்று சொல்லப் போகின்றேன்.

காப்புக்காட்டுக்குள் கால்வைத்தோம்

திருச்செந்தூரில் இறங்கிக் காயாமொழி வழியாகச் சென்றோம். குதிரைமொழித் தேரி காட்டுத்துறையின் காப்புக்காடு. நினைத்தவர் நினைத்தபோது நுழைந்து மரம் வெட்டவோ மண் அள்ளவோ இயலாது. முன்னரே இசைவு பெற்றிருந்தோம். ஏறத்தாழ 12,000 குறுக்கம் (ஏக்கர்) பரப்புடையது என்று சொல்லப்படும் அத் தேரியை ஒரு நாளில் நடந்து கண்டுவிட முடியாது. ஒரு மூலையைத்தான் கண்டோம். கண்ட அம் மூலையே ஒரு தனியுலகம்.

முதலில் நிறம். செம்மண் நிலம் நாம் பார்த்ததுதான். ஆனால் மலைபோல் மேடும் பள்ளமுமாய்க் குங்குமத்தைக் கொட்டிக் குவித்தாற்போன்ற மணலை எம்முள் பலர் அன்றுதான் கண்டோம். காலைக் கதிரில் இளஞ்சிவப்பு; உச்சிவேளையில் செங்கல்லின் நிறம்; மாலையில் உறைந்த குருதியின் நிறம். கையில் அள்ளினால் ஒட்டாது. விரலிடையே நீர்போல் ஒழுகும். ஒழுகியபின் உள்ளங்கையில் மெல்லிய செம்பொடி மட்டும் தங்கும்.

அடுத்துக் காற்று. ஆடிக்காற்றை நாம் பழமொழியில் அறிவோம். தேரியில் அதை உடம்பால் அறிந்தோம். மேற்குத் தொடர்மலையின் கணவாய்களின் வழியே, சிறப்பாக ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே, புகுந்து வரும் தென்மேற்குக் காற்று கீழ்க்கடலை நோக்கி ஓடுகின்றது. நிலத்தை ஒட்டி ஒரு முழ உயரத்துக்கு மணல் பாய்ந்தோடி முழங்காலுக்குக் கீழே ஊசிபோல் குத்துகின்றது. நாங்கள் பதித்து வந்த காலடித் தடங்களைத் திரும்பிப் பார்த்தோம். பின்னே வந்த காற்று அவற்றைத் துடைத்துவிட்டிருந்தது. வழி தெரிந்தவர் துணையின்றி உள்ளே போகலாகாது என்று காட்டுத்துறையினர் எச்சரித்ததன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

எங்கட்குத் துணையாக வந்தவரே நான் முன்பு சொன்ன பனையேறியார். அகவை எழுபதைக் கடந்தவர். மார்பிலும் முன்கையிலும் பனை உராய்ந்த தழும்புகள். ஒரு மேட்டின் உச்சியை அடைந்ததும் எம் இளைஞருள் ஒருவர் கைகளை விரித்து, “ஆகா, பாலைவனம்!” என்று கூவினார். நான் வழக்கம்போல், “பாலைநிலம் என்று சொல், தம்பி” என்றேன். முதியவர் எம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: “ரெண்டும் இல்ல ஐயா. இது தேரி. பாலையில தண்ணி கெடக்குமா? இதுக்கு அடியில தண்ணி கெடக்கு. வாங்க, காட்டுதேன்.”

காட்டவும் செய்தார். மேட்டிலிருந்து இறங்கி அருஞ்சுனை காத்த ஐயனார் கோயிற் பக்கம் அழைத்துச் சென்றார். அங்கே செம்மணலின் நடுவில் சுனை! சுற்றிலும் பசிய மரங்களின் நிழல். அந் நீரைக் கையில் ஏந்திக் குடித்தேன். உப்பில்லை, உவர்ப்பில்லை. கடல் தொலைவில் இல்லை, ஆயினும் நன்னீர். கோயிலின் பெயரிலேயே சுனை நிற்கின்றது. அச் சுனையைக் காப்பதே அங்குள்ள தெய்வத்தின் பணி. நீரைக் காப்பவனைத் தெய்வமென வணங்கிய மக்களின் நிலத்தை நான் ‘செம்பாலை’ என்று அச்சடித்து ஊரெங்கும் ஒட்டியிருந்தேன். தோழர்களே, அந்தச் சுனைக் கரையில் நான் நாணித் தலைகுனிந்தேன்.

பாலை வேறு, தேரி வேறு

‘ஒரு பெயரில் என்ன இருக்கின்றது? மணல் பரந்து கிடந்தால் பாலை என்பதில் என்ன தவறு?’ என்று சிலர் கேட்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

பாலை என்பது நம் முன்னோர் கொள்கையில் ஒரு நிலைத்த நிலத்தின் பெயரன்று. நிலத்துக்கு நேரும் ஒரு நிலைமையின் பெயர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து வளங்குன்றியவிடத்துப் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். மழை பெய்தால் பாலை மீண்டும் முல்லையாகும், குறிஞ்சியாகும். கழக இலக்கியத்துப் பாலைப் பாட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். அங்கே கல் பரந்த வழி உண்டு; வற்றிய மூங்கில் உண்டு; பருந்து உண்டு; ஆறலைப்போர் உண்டு. மணற்கடல் இல்லை. அரபு நாட்டையும் சகாராவையும் குறிக்கும் அயற்சொல்லுக்கு நேராகப் பிற்காலத்தார் ‘பாலை’யோடு ‘வனம்’ என்னும் வடசொல்லைச் சேர்த்து ஒட்டுச்சொல் ஒன்றை ஆக்கிக்கொண்டனர். அவ் வொட்டுச்சொல்லைக் கொண்டுவந்து நம் தேரியின்மேல் கவிழ்ப்பது, சொந்தத் தாயை அயலாள் பெயரிட்டு அழைப்பதாகும்.

மணலுக்குத் தமிழில் சொற்பஞ்சமா? நுண்ணிய மணல் அயிர். அலை கொழித்துக் குவித்த மணல்மேடு எக்கர். ஆற்றொழுக்கில் வரிவரியாய்ப் படிந்த மணல் அறல். மகளிர் கூந்தலுக்குப் புலவர்கள் உவமை காட்டிய அறல். ஆற்றிடைக் குறை துருத்தி. காற்றுக் குவித்து உயர்ந்த மணற்குன்று தேரி. ஒவ்வொன்றும் ஒரு கண். ஒவ்வொன்றும் ஓர் ஆராய்ச்சி. எது அலையால் ஆனது, எது ஆற்றால் ஆனது, எது காற்றால் ஆனது என்று பிரித்தறிந்து பெயரிட்டவன் தமிழன். இத்தனையையும் விட்டு ‘வாலுகம்’ என்று எழுதிப் புலமை காட்டிய காலமும் இந் நாட்டில் இருந்தது. அதனின்று நாம் மீண்டோம். ஆனால் இன்று படக்கருவியைத் தூக்கிக்கொண்டு தேரிக்கு வரும் நம் பிள்ளைகள் ‘பாலைவனம்’ என்று கூவுகின்றனர். அவர்களைத் திருத்த வேண்டிய நானும் பாதியே திருத்தினேன்.

உலகம் ஏற்ற தமிழ்ச்சொல்

இதனினும் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. ‘தேரி’ என்னும் சொல்லை நாம் விட்டாலும் உலக அறிஞர் விடவில்லை.

1863-ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலவியலறிஞர், 1880-களில் நெல்லைச் சீமையின் நிலவியலை ஆய்ந்து எழுதியபோது இச் செம்மணற் குன்றுகளைத் ‘தேரி’ என்றே எழுதினார். 1956-ஆம் ஆண்டில் சாய்னர் என்பாரும் ஆல்சின் அம்மையாரும் நெல்லைத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றிப் ‘பண்டைய இந்தியா’ என்னும் தொல்லியல் இதழில் விரிவான ஆய்வுரை வெளியிட்டனர். அன்றுமுதல் தொல்லியல் நூல்களில் இவ் விடங்களுக்குத் ‘தேரி இடங்கள்’ என்பதே பெயர். இம் மணலுக்குத் ‘தேரி மணல்’ என்பதே பெயர். ஆங்கிலத்தில் எழுதும் அறிஞனும் அதற்கு வேறு சொல் தேடவில்லை. பனையேறியின் வாய்ச்சொல் அறிவியலின் கலைச்சொல்லாயிற்று. நாமோ அறிவியலின் பெயரால் அதை மாற்றத் துடிக்கின்றோம்!

அவ் வறிஞர் கண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். சாயர்புரம், மெஞ்ஞானபுரம், கூட்டாம்புளி முதலிய ஊர்ப் பக்கத்துத் தேரிகளில் விரல்நுனி அளவேயான கற்கருவிகள் கிடைத்தன. சிக்கிமுக்கிக் கல்லினத்திலும் வெள்ளைப் பளிங்குக் கல்லிலும் செதுக்கப்பட்டவை. பிறைவடிவின சில, அம்பு முனையாகக் கட்டத்தக்கவை சில. அவற்றுள் பல செம்மணலின் நிறத்தைத் தாமும் ஏற்றிருந்தன. கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளவாகக் கொண்டு, அவை ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று அவர்கள் கணித்தனர். கடலும் காடும் அருகிருந்த அம் மணல்மேட்டில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்களின் கைவேலை அது.

மணலின் அகவையையும் பின்னர் ஆய்ந்தனர். மணற்பருக்கை இறுதியாக ஒளியைக் கண்டது எப்போது என்பதை அளந்தறியும் ஒளியுமிழ் முறையால், தென்கிழக்குக் கரைச் செம்மணற் குன்றுகள் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,600 ஆண்டுகளுக்கு முன்பு வரை படிந்து வளர்ந்தவை என்று 2012-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. செந்நிறத்துக்குக் கரணியம் (காரணம்) இரும்பு. ஒவ்வொரு பருக்கையின் மேலும் இரும்புத்துருவின் மெல்லிய போர்வை படிந்துள்ளது. உள்ளே வெண்மணல், மேலே செம்போர்வை. அப் போர்வை படிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். ஆகவே, தோழர்களே, தேரியை ஒருமுறை வாரிவிட்டால் மீண்டும் கொட்டி நிரப்புவது இயலாது. வண்டியில் கொண்டுவந்து கொட்டுவது மணலாகலாம்; தேரி ஆகாது.

மழைநீர் அத் தேரியில் ஓடுவதில்லை. விழுந்த இடத்திலேயே உள்ளிறங்குகின்றது. உள்ளிறங்கிய நீர் அடியில் தங்கிச் சரிவின் தாழ்விடங்களில் சுனையாய்க் கசிகின்றது. தேரிப் பக்கத்துத் தாழ்ந்த நீர்நிலைக்குத் தருவை என்று பெயர். சாத்தான்குளத்துப் பக்கம் புத்தன்தருவை என்று ஊரே உண்டு. மேட்டுக்குத் தேரி, பள்ளத்து நீருக்குத் தருவை. இவ் விரு சொற்களையும் அறிந்தவன் அந் நிலத்தின் நீர்க்கணக்கையே அறிந்தவன். ‘பாலை’ என்பவன் நீரே இல்லையென்று முன்முடிவு கட்டிவிடுகின்றான்.

இச் செம்மணல் நமக்கு மட்டும் உரியதன்று. விசாகப்பட்டினத்துக்கு அருகில் இத்தகைய செம்மணற் குன்றுகள் உள்ளன. தெலுங்கர் அவற்றை ‘எர்ர மட்டி திப்பலு’ என்று தம் தாய்மொழிச் சொல்லாலேயே அழைக்கின்றனர். அப் பெயராலேயே அவை நாட்டளவிலான நிலவியல் மரபிடமாக அறிவிக்கப்பட்டன. ‘திப்ப’ என்பது நம் ‘திப்பை’ (மேடு) என்னும் சொல்லின் உடன்பிறப்பே. கடல்கடந்த ஈழத்திலும் கரையோரங்களில் செம்மணற் படிவுகளும் அவற்றிடைக் கற்கருவிகளும் உள்ளன. அவற்றை ஆய்ந்த சிங்களத் தொல்லியலறிஞர் தெரணியகல அப் படிவத்துக்கு இட்ட பெயர் ‘இரணைமடு’ப் படிவம் என்பது. வன்னி மண்ணின் இரணைமடு! அங்குள்ள தமிழூரின் பெயர் அறிவியல் ஏட்டில் நிலைபெற்றது. தெலுங்கன் தன் பெயரைக் காத்தான். சிங்கள அறிஞரும் தமிழ்ப் பெயரை ஆண்டார். தமிழ்நாட்டுத் தமிழன் தன் தேரியைப் பாலைவனமாக்குகின்றான்!

செம்மணலில் எழுந்த ஒளி

தேரி நிலத்தோடு தனித்தமிழ் இயக்கத்துக்கு வேறோர் உறவும் உண்டு. அதை நம் இளைஞர் அறிய வேண்டும்.

1838-இல் சென்னைக்கு வந்த இராபர்ட்டு கால்டுவெல், நெடுந்தொலைவு நடந்தே தென்பாண்டி நாட்டை அடைந்து, 1841-இல் இடையன்குடியில் குடியமர்ந்தார். தேரியும் பனையும் சூழ்ந்த அவ் வூரைத் தம் ஊராகக் கொண்டு ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் பணிபுரிந்தார். 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், அச் செம்மணலில் வாழ்ந்தவர் கையிலிருந்து வந்தது. தமிழ் வடமொழியின் துணையின்றித் தனித்து இயங்கவல்லது. அதைக் களைந்தும் தழைக்கவல்லது என்று மொழிநூல் முறையில் உலகுக்குக் காட்டியவர் அவர். 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய இயக்கத்துக்கும் பாவாணரின் வேர்ச்சொல்லாய்வுக்கும் அவ் வுரை முன்னோடி. 1891-இல் கோடைக்கானலில் மறைந்த அவருடல் இடையன்குடியிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

கால்டுவெல் எழுதிய எல்லாவற்றையும் நாம் ஏற்பதில்லை. 1849-இல் அவர் வெளியிட்ட ஒரு சிறுநூல் அம் மண்ணின் மக்களையே புண்படுத்திற்று. அதன் வடு நெடுங்காலம் ஆறவில்லை. ஆயினும் ஒன்றை மறுக்கவியலாது. ஏட்டுத் தமிழைப் புலவரிடம் கற்ற அவர், நாட்டுத் தமிழைப் பனங்காட்டு மக்களிடம் கேட்டார். கேட்கும் செவி இருந்ததனால்தான் ஒப்பிலக்கணம் பிறந்தது. எனக்கு இல்லாமற் போனது அச் செவியே.

குறிப்பேட்டில் நிறைந்த சொற்கள்

சுனைக் கரையிலிருந்து மீண்டபின் நான் பேசுவதை நிறுத்தினேன், கேட்கத் தொடங்கினேன். குறிப்பேட்டைத் திறந்து பனையேறியார் சொல்லச் சொல்ல எழுதினேன்.

இளம்பனை வடலி. விரியாத இளவோலை குருத்தோலை; முற்றிய பச்சையோலை சாரோலை; காய்ந்து தொங்குவது காவோலை. மட்டையின் இருமருங்கும் அறுக்கும் பல் கருக்கு. மட்டையடியை வலைபோல் சுற்றியிருப்பது பன்னாடை. பூவிடும் உறுப்பு பாளை. அதைச் சீவிச் சுண்ணாம்பிட்ட கலயத்தில் இறக்குவது பதனீர். அவ் வட்டார வழக்கில் பயினி. காய்ச்சிப் பாகுநிலையில் இறக்கினால் கூப்பனி. மேலும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டியின் சுவையை அறியாதார் யார்? மணலைக் கட்டி நிறுத்தக் குடைபோல் விரிந்து நிற்கும் முள்மரம் உடை. பறங்கியர் கொணர்ந்த அயல்நாட்டு மரத்துக்கும் அம் மக்கள் தமிழ்ப்பெயர் இட்டுக் கொல்லாமரம் என்றனர். அதுவே நாம் முந்திரி என்பது. வேலியடைத்துப் பயன்கொள்ளும் தோட்டநிலம் விளை. திசையன்விளை போன்ற ஊர்ப்பெயர்களில் அச் சொல் இன்றும் வாழ்கின்றது.

அன்று மாலைக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. அவற்றுள் பலவற்றை நான் அகரமுதலியில் கண்டதுண்டு. வாயில் வழங்கக் கேட்டதில்லை. சிலவற்றை எங்குமே கண்டதில்லை. ஒரு வடசொல்லைக்கூட அம் முதியவர் வலிந்து விலக்கவில்லை. விலக்க வேண்டிய தேவையே அவருக்கில்லை. தொழிலும் நிலமும் சொல்லும் ஒன்றாய்ப் பின்னிக் கிடக்கும் இடத்தில் அயற்சொல்லுக்கு நுழைய இடுக்கு இல்லை.

இறுதியாக ஒன்று கேட்டேன்: “அண்ணாச்சி, உங்கள் பிள்ளைகளுக்கு இச் சொற்கள் தெரியுமா?” அவர் சிரித்தார். “மூத்தவன் வெளியூருல கடையில நிக்கான். சின்னவன் வண்டி ஓட்டுதான். பனையேற ஆளு இல்ல ஐயா. பனையே ஏறலைன்னா பாளையும் பன்னாடையும் அவனுக்கு எதுக்கு?”

அந்த வினாவுக்கு என்னிடம் விடையில்லை. பனையேறியின் மகன் பனையேறியாகவே இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கென்ன உரிமை? மரமேறி விழுந்து முடமானோர் எத்தனை பேர்! தமிழ்ச்சொல் வாழ்வதற்காக ஓர் ஏழை தன் உயிரைப் பணயமாக்க வேண்டுமென்று கேட்பது தமிழ்ப்பற்றன்று, கொடுமை. ஆனால் அத் தொழிலுக்குத் தக்க கருவியும் காப்பும் விலையும் கிடைக்கச் செய்வதும், அச் சொற்களை அவர் வாயிலிருந்து பெற்று எழுதிவைப்பதும் நம் கடமை. அதைச் செய்யாமல் ‘தமிழ் அழிகின்றதே’ என்று மேடையில் அழுவது வெறுங்கூத்து.

பெயரே முதல் வேலி

‘சொல்லைக் காப்பது சரி, நிலத்தைக் காக்கத்தான் காப்புக்காட்டுச் சட்டம் இருக்கின்றதே’ என்பீர்கள். இருக்கின்றது. ஆனால் தேரிகள் எல்லாமும் காப்புக்காட்டு எல்லைக்குள் இல்லை. வெளியே கிடக்கும் தேரிகளுக்குக் காவல் யார்?

தேரிமணலில் இல்மனைட்டு முதலிய கனிமங்கள் உண்டு. அவற்றிலிருந்து தைட்டானியப் பொருள் எடுக்கலாம். 2007-ஆம் ஆண்டில் சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரத் தேரிமணலை அகழ்ந்து தைட்டானிய ஆலை அமைக்கப் பெருநிறுவனம் ஒன்றோடு தமிழ்நாட்டரசு உடன்படிக்கை செய்தது. நிலம் போகும், நீர் போகும், பனை போகும் என்று அம் மக்கள் எதிர்த்து நின்றனர். அவ் வாண்டிலேயே அத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. நிறுத்தியது மக்களின் எழுச்சி. ஆயினும் மணலில் கனிமம் இருக்கும் வரை அதன்மேல் கண்ணும் இருக்கும்.

இங்கேதான் பெயரின் ஆற்றலை எண்ணுங்கள். ‘பாலைவனத்தைத் தோண்டுகின்றார்கள்’ என்றால் கேட்பவன், ‘வெறும் மணல்தானே, தோண்டட்டும்’ என்பான். ‘சுனையூறும் தேரியைத் தோண்டுகின்றார்கள்’ என்றால், ‘எவன் தோண்டுகின்றான்?’ என்று எழுவான். பாலை என்னும் சொல்லில் வறுமை இருக்கின்றது. ஆளற்ற தன்மை இருக்கின்றது. தேரி என்னும் சொல்லில் பனை இருக்கின்றது, தருவை இருக்கின்றது, ஐயனார் இருக்கின்றார், ஆறாயிரம் ஆண்டுப் பழமையுடைய கற்கருவி இருக்கின்றது. ஒரு நிலத்தை அழிக்க நினைப்பவன் முதலில் அதன் பெயரை அழிக்கின்றான். நாமே அப் பெயரை அழித்துக் கொடுத்தால் அவனுக்கு வேலை எளிது.

அத் தேரியோரத்துத் தேரிக்குடியிருப்பில் கற்குவேல் ஐயனார் கோயில் உண்டு. ஆண்டுதோறும் கார்த்திகை முடிவில் அங்கே கள்ளர்வெட்டு விழா நடைபெறுகின்றது. திரளும் மக்கள் தேரியின் செம்மணலைத் துணியில் முடிந்து வீட்டுக்கும் வயலுக்கும் கொண்டுசெல்கின்றனர். தெய்வ நம்பிக்கை உடையாரும் இல்லாரும் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். நான் அந்த வழக்குக்குள் புகவில்லை. ஒரு பிடி மணலை மதித்து வாங்கிச் செல்லும் மக்களுக்கும், கப்பலில் ஏற்ற எண்ணும் வணிகனுக்கும் உள்ள வேற்றுமையை மட்டும் நினைவில் வையுங்கள்.

நாம் செய்ய வேண்டுவன

பேச்சோடு கலைந்து போவது நம் வழக்கமாதல் கூடாது. நான்கு செயல்களை முன்வைக்கின்றேன்.

ஒன்று: இன்றுமுதல் நம் இதழிலும் மேடையிலும் அந் நிலத்தைத் ‘தேரி’ என்றே எழுதுவோம், சொல்வோம். பாலைவனம் என்று எழுதும் செய்தியிதழ்களுக்குப் பண்போடு மடல் விடுப்போம். அடுத்த செலவின் அழைப்பிதழில் என் பிழையை நானே திருத்தி அச்சிடுவேன்.

இரண்டு: இங்குள்ள இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு தொழிலாளியிடம் சென்று, அவர் தொழிற்சொற்களைக் கேட்டு எழுதுங்கள். உழவர், மீனவர், கொல்லர், குயவர், பனையேறியார், யாராயினும் சரி. திருத்தாமல் எழுதுங்கள். முதலில் கேளுங்கள், பிறகு ஆராயுங்கள்.

மூன்று: தேரிக்குச் செல்வோர் காட்டுத்துறையின் இசைவு பெற்றுச் செல்லுங்கள், வழி தெரிந்தவரை உடன்கொள்ளுங்கள். வண்டியை மணல்மேட்டில் ஏற்றாதீர்கள். நெகிழிப் பைகளை அங்கே எறியாதீர்கள். தீ மூட்டாதீர்கள். கற்கருவி கண்ணில் பட்டால் அதைப் பையில் போடாதீர்கள். கிடந்த இடத்திலிருந்து பெயர்த்த கருவி பேசுவதை நிறுத்திவிடும். தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். திரும்பும் வழியில் ஒரு கட்டுக் கருப்பட்டி வாங்குங்கள். விலையைக் குறைத்துக் கேளாதீர்கள்.

நான்கு: காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே எஞ்சியுள்ள தேரிகளையும் நிலவியல் மரபிடமாக அறிவித்துத் ‘தேரி’ என்னும் பெயராலேயே காக்க வேண்டுமென்று அரசுக்கு விண்ணப்பம் விடுப்போம். ஊர்மக்களின் கையொப்பமே அதில் முதலில் இருக்கட்டும்.

தோழர்களே! தனித்தமிழ் என்பது அயற்சொல்லைக் களைவது மட்டுமன்று. களைபறித்த நிலத்தில் பயிர் நிற்க வேண்டாவா? நான் ‘வனத்தை’ப் பறித்தேன், ‘தேரி’யை நடவில்லை. பறித்ததோடு நின்றவனுக்கு விளைச்சல் இல்லை என்பதை எனக்குக் கற்பித்தவர் கையெழுத்திடவும் அறியாத ஒரு பெரியவர்.

விடைபெறும்போது அவர் கையைப் பற்றி, “அண்ணாச்சி, இன்று நீங்கள்தாம் எனக்கு ஆசிரியர்” என்றேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு, “அடுத்த தரம் வரும்போது மாசி பங்குனியில வாங்க ஐயா, பயினி தாரேன்” என்று சொல்லிவிட்டு மணல்மேட்டின் மேல் நடந்தார். அவருடைய காலடித் தடங்களையும் காற்றுத் துடைத்துக்கொண்டே வந்தது. அவருடைய சொற்களையும் அக் காற்றுத் துடைத்துவிடாமல் காப்பது நம் கையில் இருக்கின்றது.

வாழ்க தமிழ்! வாழ்க தமிழ்நிலம்!